கருத்தை இறக்கிவைத்துப் பேசுதல்: டேவிட் போமின் உரையாடல் முறைக்கு ஓர் எளிய அறிமுகம்

இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் இருபெரும் அறிஞர்களான ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் அறிமுகமான காலத்தில் ஒருவர்மீது ஒருவர் பெரும் அன்பு வைத்திருந்தார்கள். அணு அளவில் பொருள்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் குவாண்டம் கோட்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வியில் மட்டும் இருவரும் எதிரெதிரே நின்று ஆண்டுக்கணக்கில் வாதித்தார்கள். வாதம் தீரவில்லை, பேச்சுதான் தேய்ந்துபோனது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருவரும் இருந்த ஒரு சமயத்தில், அவர்களை மறுபடி பேசவைக்கலாம் என்று எண்ணிக் கணித அறிஞர் ஹெர்மன் வைல் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார் என்றும், ஐன்ஸ்டைனும் அவரைச் சேர்ந்தவர்களும் அறையின் ஒரு கோடியிலும் நீல்ஸ் போரும் அவரைச் சேர்ந்தவர்களும் மறு கோடியிலும் நின்றுவிட்டார்கள் என்றும் டேவிட் போம் என்ற இயற்பியலாளர் சொல்லியிருக்கிறார்.

போம் இதை வம்புக் கதையாகச் சொல்லவில்லை. அந்த இருவரிடமும் அறிவுக்கோ நல்லெண்ணத்துக்கோ குறைவு கிடையாது. இருந்தும், பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலகம் ஒரு திட்டவட்டமான நிலையில் இருக்கிறது என்பதை ஐன்ஸ்டைனால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அளக்கும் ஏற்பாட்டை விலக்கிவிட்டு அணுவின் நிலையைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை என்பதை நீல்ஸ் போரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இப்படி ஒவ்வொருவரும் தமக்கு உயிர்நாடி என்று பிடித்துவைத்திருக்கும் இரண்டு எண்ணங்கள் மோதும் இடத்தில் பேச்சு எப்படித் தொடர முடியும் என்பதே, போம் தம் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டில் மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு அவர் முன்வைத்த வழிமுறை இன்று பல நாடுகளில் 'போம் உரையாடல்' என்ற பெயரில் வழங்குகிறது. அதைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

ஆழமான உரையாடல் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றுவது, நள்ளிரவு வரை நீளும் ஒரு பேச்சில் யாரிடமும் சொல்லாத ஒன்றை மனம்விட்டுச் சொல்வது. அந்த நெருக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் ஒருவர் தம் வாழ்க்கையின் அத்தனை ரகசியங்களையும் கொட்டித் தீர்த்துவிட்டு, அந்த ரகசியங்களைப் பற்றித் தாம் இருபது ஆண்டுகளாக நினைத்துவரும் விதத்தில் ஒரு மயிரிழைகூட அசையாமல் எழுந்து போய்விட முடியும். போம் தேடிய ஆழம் வேறு இடத்தில் இருந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே நம் எண்ணம் நம்மை எப்படி நடத்திக்கொண்டிருக்கிறது என்பதைப் பலரோடு சேர்ந்து பார்ப்பதையே அவர் ஆழம் என்று கருதினார். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வாக்கியத்தைச் செய்துபார்ப்பது எவ்வளவு கடினம் என்பதுதான் இனி வரும் பகுதிகளின் பொருள்.

இயற்பியலிலிருந்து மனிதப் பேச்சுக்கு

போம் 1917இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்க்ஸ்-பாரி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ராபர்ட் ஓப்பன்ஹைமரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அந்தக் காலத்தில் அவர் ஆழ்ந்து படித்தது பிளாஸ்மா என்னும் நிலையை, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து தனியே திரியும் ஒருவகை வாயுவை. அதில் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன்போக்கில் ஓடுவதாகத் தோன்றும். மொத்தமாகப் பார்த்தால், கோடானுகோடி எலக்ட்ரான்கள் ஒரே உடலைப்போல அலைபாயும், வெளியிலிருந்து மின்னூட்டம் கொண்ட ஒன்று நுழைந்தால் எல்லாம் சேர்ந்து அதைச் சூழ்ந்து அதன் பாதிப்பை மட்டுப்படுத்தும். தனித்தனித் துகளின் சுதந்திரமும் கூட்டத்தின் ஒருமையும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க முடியும் என்பது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. மனிதச் சமூகத்தைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுப்பிய கேள்விக்கும் இதற்கும் இடையே ஓர் இழை ஓடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையில் மற்றொரு பாடமும் இருந்தது, அது கசப்பானது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த காலத்தில், 1949இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று அவரை அழைத்து, அவரைப் பற்றியும் அவருடைய நண்பர்களைப் பற்றியும் கேட்டது. பதில் சொல்ல அவர் மறுத்தார். 1950இல் கைதுசெய்யப்பட்டு, 1951இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆனாலும் பிரின்ஸ்டனில் அவருடைய வேலை புதுப்பிக்கப்படவில்லை. பிரேசிலின் சாவோ பாலோவுக்குப் போனார். அங்கே அவருடைய அமெரிக்கக் கடவுச்சீட்டைத் தூதரக அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு இஸ்ரேலின் ஹைஃபா, இங்கிலாந்தின் பிரிஸ்டல் என்று அலைந்து, 1961இல் லண்டன் பர்க்பெக் கல்லூரியில் பேராசிரியராக நிலைகொண்டார். ஒரு சமூகம் தன் அச்சத்தைத் தானே உற்பத்தி செய்துவிட்டு, அந்த அச்சம் வெளியிலிருந்து வந்ததாக நம்பி, சொந்த மனிதர்களையே விரட்டும் என்பதை நேரடியாக அனுபவித்தவர் அவர்.

அதே 1961இல் லண்டனில் ஜே. கிருஷ்ணமூர்த்தியை அவர் சந்தித்தார். 1909இல் சென்னை அடையாற்றில், பிரம்ம ஞான சபை வளாகத்தில் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்டு, பின்னர் அந்தப் பட்டத்தையே உதறிவிட்டு வெளியேறியவர் கிருஷ்ணமூர்த்தி. பார்க்கிறவரும் பார்க்கப்படுவதும் வேறுவேறு அல்ல என்று அவர் பேசிவந்தது, குவாண்டம் இயற்பியலில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த போமை ஈர்த்தது. இருவரும் கால் நூற்றாண்டுக்கு அருகே பேசிக்கொண்டே இருந்தார்கள். 1980இல் நடந்த நீண்ட உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு நூலாகவும் வந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரியும். அங்கே இருப்பது இருவர், கேள்வியை நடத்திச் செல்பவர் பெரும்பாலும் ஒருவர். அப்படி ஒரு வழிகாட்டி இல்லாமல், சாதாரண மனிதர்கள் பலர் கூடி இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் போம் அடுத்ததாக நகர்ந்தார். 1984இல் இங்கிலாந்தின் மிக்கிள்டன் என்ற கிராமத்தில் அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்பதற்காக ஒரு வாரஇறுதியில் கூடியவர்கள், சொற்பொழிவைத் தாண்டித் தங்களுக்குள் பேசத் தொடங்கியதிலிருந்து இந்த முறை உருப்பெற்றது. 1991இல் டொனால்ட் ஃபாக்டர், பீட்டர் காரெட் ஆகிய இருவரோடு சேர்ந்து அவர் இதன் நடைமுறையைச் சில பக்கங்களில் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1992 அக்டோபரில், லண்டனில் காலமானார்.

எண்ணம் தன் கைவேலையை மறைக்கிறது

போமின் அடிப்படைக் கருத்து ஒன்றே ஒன்று. எண்ணம் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, 'நான் ஒன்றும் செய்யவில்லை, இருப்பதைத்தான் சொல்கிறேன்' என்று நிற்கிறது. நாட்டு எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் கோடு எதுவும் கிடையாது. ஆறும் காடும் இருபக்கமும் தொடர்ந்து ஓடுகின்றன. மனிதர்கள் கூடி எண்ணி வரைந்த கோடு அது. வரைந்தபின் அதற்கு வேலி வருகிறது, படை வருகிறது, அதைக் கடப்பவனைப் பார்த்தால் நெஞ்சில் பகை வருகிறது, கடைசியில் அந்தப் பகையையே காட்டி 'பார்த்தீர்களா, இந்தப் பிரிவு எவ்வளவு உண்மையானது' என்கிறோம். எல்லை வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சு இல்லை. நாம் உண்டாக்கியது என்பதை மறந்துவிட்ட ஒன்றை நம்மால் மாற்றவும் முடியாது, பொறுப்போடு காப்பாற்றவும் முடியாது என்பதே அவருடைய கவலை.

இதை விளக்க அவர் ஒரு நோயாளியின் கதையைச் சொல்வார். ஒரு பெண் நடு இரவில் விழித்துக்கொண்டபோது யாரோ தம்மை அடிப்பதை உணர்ந்தார். தற்காத்துக்கொள்ளக் கையை வீசினார்; எவ்வளவு வேகமாக வீசினாரோ அவ்வளவு பலமாக அடி விழுந்தது. விளக்கைப் போட்டபோதுதான் உண்மை தெரிந்தது. பக்கவாதத்தால் அவருடைய உணர்வு நரம்புகள் பழுதாகியிருந்தன, இயக்க நரம்புகள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. கை அசைந்தது, ஆனால் அசைப்பது தாம்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததும் அடி நின்றது.

கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் கை எங்கே இருக்கிறது, அதை அசைப்பது நாமா பிறரா என்று உடலுக்குத் தெரியும். உடலுக்கு இயல்பாக உள்ள இந்த உணர்வு எண்ணத்துக்கு இல்லை என்கிறார் போம். 'இவன் என்னை அவமதித்துவிட்டான்' என்ற எண்ணம் எழுந்தவுடன் இதயம் படபடக்கிறது, மூச்சு மேலெழுகிறது, முகம் சிவக்கிறது; அந்தப் படபடப்பு நம் எண்ணத்தின் விளைவு என்று தெரியாமல், அவன் செய்த அவமதிப்புக்குச் சான்றாக அதையே எடுத்துக்கொள்கிறோம். இதன் பொருள் உலகில் அவமதிப்பே நடப்பதில்லை என்பது அன்று. நடந்தது எவ்வளவு, நாம் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தறிய அந்த நேரத்தில் நமக்கு வழியில்லாமல் போகிறது என்பதுதான்.

அந்த விளக்கைப் போடும் செயலுக்குப் போம் வைத்த பெயரைத் தமிழில் 'நிறுத்திவைத்தல்' என்று சொல்லலாம். ஒரு எதிர்வினை உள்ளே எழும்போது நமக்குப் பழக்கமான பாதைகள் இரண்டு. ஒன்று, அதைக் கொட்டிவிடுவது. மற்றது, விழுங்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு இருப்பது. நம் வளர்ப்பு பெரும்பாலும் இதைத்தான் பண்பு என்று கற்றுத்தருகிறது. நிறுத்திவைப்பது மூன்றாவது பாதை. எழுந்த கருத்தை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அதன்படி நடந்துவிடாமல், நாமும் மற்றவர்களும் பார்க்கும்படி அதை நடுவில் வைக்க வேண்டும்.

வட்டத்தில் ஒரு மாலை

நடைமுறை எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். இருபதிலிருந்து நாற்பது பேர் வரை ஒரே வட்டமாக, எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும்படி உட்காருகிறார்கள். இரண்டு மணி நேரம் போதும். அதற்குமேல் போனால் களைப்பு வந்துவிடும். தலைவர் கிடையாது. முன்கூட்டியே குறித்த தலைப்பு கிடையாது. எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. முறையை அறிந்த ஒருவர் முதல் சில கூட்டங்களுக்கு உடனிருந்து கூட்டம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதைச் சுட்டிக்காட்டலாம், ஆனால் சீக்கிரமே அவர் தேவைப்படாமல் போக வேண்டும்.

தலைப்பும் முடிவும் இல்லாத கூட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் இந்த முறையில் மிக வியப்பான பகுதி இதுதான், மிக நியாயமான பகுதியும் இதுதான். ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் நாம் மற்றவர் சொல்வதைக் கேட்பது, அது நம் முடிவுக்கு உதவுமா தடையா என்று எடைபோடுவதற்காக. பயன் என்ற கேள்வி முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் அதைத் தாண்டி எதையும் பார்க்க முடியாது. ஊராட்சிக் கூட்டத்துக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் முடிவு தேவை. அவை அவற்றின் வேலையைச் செய்யட்டும். நம் முடிவுகள் எந்த எண்ணங்களிலிருந்து பிறக்கின்றன என்று பார்க்க ஒரு தனி இடம் வேண்டும் என்பதே போமின் கோரிக்கை.

அப்படி ஒரு வட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி முதுமையில் வந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “பெத்தவங்கள கடைசிக் காலத்துல ஒரு இல்லத்துல கொண்டுபோய் விடுறவங்க எல்லாம் மனுஷங்களே இல்ல” என்கிறார். அவருக்கு எதிரே இருக்கும் நடுவயதுப் பெண் தம் தாயாரை அண்மையில்தான் முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார். அடிவயிறு இறுகுகிறது, காது மடல் சூடாகிறது, கைப்பையின் வாரை விரல்கள் முறுக்குகின்றன. 'உங்க வீட்ல யாரு பாத்துக்கிட்டாங்க, நீங்களா, உங்க வீட்டம்மாவா?' என்ற பதில் முழு வாக்கியமாக நாக்கில் வந்து நிற்கிறது. அதைச் சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாக்கியம் கூடவே வரும்.

அவர் கொஞ்சம் தாமதித்துவிட்டுச் சொல்கிறார்: “சார், நீங்க சொன்னதும் எனக்கு வயிறு அப்படியே இறுகிப்போச்சு. பதிலடி குடுக்கணும்னு வார்த்தை வாய்வரைக்கும் வந்துடுச்சு. எங்க அம்மாவ நான் இல்லத்துலதான் சேத்திருக்கேன். நீங்க சொன்ன அதே வார்த்தைய நானே எனக்குள்ள தினமும் சொல்லிக்கிறேன். அதான் இவ்வளவு கோவம் வருது போல.”

யாரும் உடனே பேசவில்லை. பிறகு ஆசிரியர், “எனக்கு இன்னமும் அது தப்புன்னுதான் தோணுதும்மா. ஆனா நான் ஏன் அத அவ்வளவு சத்தமா சொன்னேன்னு தெரியல” என்கிறார். இன்னொரு மூலையிலிருந்து ஓர் இளைஞர், “நீங்க ரெண்டு பேருமே, பாத்துக்கறதுன்னா அது வீட்டுக்குள்ளதான் நடக்கணும், ஒருத்தர் தலையிலதான் விழணும்னு வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. எங்க வீட்லயும் அப்படித்தான். அத யாரு எப்ப முடிவு பண்ணினாங்க?” என்று கேட்கிறார்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது, ஆசிரியர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பது. அந்தப் பெண்ணும் வெற்றி பெறவில்லை, சமாதானமும் ஏற்படவில்லை. ஆனால் அதுவரை எதிரிகளாகத் தெரிந்த இருவரின் அடியிலும் ஒரே எண்ணம் கிடந்து, இருவரையும் ஒருசேர நடத்திக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. மூன்றாமவரின் வீட்டிலும் அதேதான் இருக்கிறது. போம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: நம் எண்ணங்களில் பெரும்பகுதி நம்முடையவை அல்ல, மொழியோடும் வளர்ப்போடும் சேர்ந்து பொதுச் சொத்தாக நம்மிடம் வந்தவை. பொதுவில் இருந்து வந்த ஒன்றைத் தனி அறையில் உட்கார்ந்து தனியாளாகச் சீர்படுத்துவது அரிது. அதனால்தான் அவருக்குக் கூட்டம் தேவைப்பட்டது.

ஏன் இருபது பேர்

கூட்டத்தின் அளவைப் பற்றிய சிந்தனை போமுக்குப் பேட்ரிக் டி மாரே என்ற உளநல மருத்துவரிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்தில் பணியாற்றி, பின்னர் லண்டனில் குழுச் சிகிச்சையில் ஈடுபட்டவர் அவர். ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழு விரைவில் ஒரு குடும்பம்போல ஆகிவிடுகிறது. யாரை எதில் சீண்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், இதமான தலைப்புகளிலேயே பேச்சு சுற்றும். இருபதைத் தாண்டும்போது அந்த வசதி போய்விடுகிறது. வட்டத்துக்குள் சமூகமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதம், பணம், தலைமுறை, ஆண், பெண் என்று வெளியே உள்ள பிளவுகள் எல்லாம் உள்ளேயும் தலைகாட்டும்.

இதனால் முதல் சில கூட்டங்களில் எரிச்சல் மிஞ்சும். சிலர் பேசிக்கொண்டே இருப்பார்கள், சிலர் வாயே திறக்க மாட்டார்கள், ஒருவர் ஏதாவது ஒரு தலைப்பை வைத்தே தீர வேண்டும் என்பார், மற்றொருவர் இதனால் என்ன பயன் என்று கேட்டு எழுந்து போவார். பெரிய குழுவில் முதலில் தோன்றுவது வெறுப்புதான் என்று டி மாரே கண்டார். அதைத் தவிர்க்காமல் பேச்சாக மாற்ற முடிந்தால், நெருங்கிய நட்பு இல்லாமலேயே ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கை வைத்துப் பழகும் ஒரு தோழமை உருவாகிறது என்பது அவருடைய கருத்து. எனக்கு இது மிக முக்கியமானதாகப் படுகிறது. மனித உறவு என்றதும் உற்றார், உறவினர், உயிர்நண்பர் என்றே நினைக்கிறோம். பெயர் மட்டும் தெரிந்த, நமக்குப் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லாத ஒருவரோடு சேர்ந்து நேர்மையாக யோசிக்க முடிவதும் ஓர் உறவுதான், ஊரும் நாடும் நிற்பது பெரும்பாலும் அந்த உறவின்மேல்தான்.

ஆனால் இது மனநலச் சிகிச்சை ஆகாது. ஒருவருடைய தனிப்பட்ட காயத்தை ஆற்றுவதற்காகக் குழு கூடவில்லை என்பதைப் போமும் அவருடைய தோழர்களும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். போம் தாமே தம் வாழ்வின் பிற்பகுதியில் கடும் மனச்சோர்வால் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். அந்தத் துன்பத்தில் இருப்பவருக்கு மருத்துவர் வேண்டும், வட்டம் போதாது.

இந்த முறையின் வரம்பு

இதை விரும்பி எழுதுகிறவன் என்ற முறையில், இதன்மீது வைக்கப்படும் வலுவான கேள்வியை நான் கடந்துபோகக் கூடாது. எல்லோரும் தத்தம் கருத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற விதி, எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. சாதியைக் காட்டி ஊர்த் தெருவுக்குள் செருப்போடு நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவரிடம், 'உங்கள் கோபத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பாருங்கள்' என்று தடுத்தவரின் வீட்டுப் பிள்ளை சொன்னால், அது உரையாடல் என்ற பெயரில் நடக்கும் மற்றொரு தடை. வட்டமாக நாற்காலி போட்டுவிட்டதால் சாதியும் பதவியும் வாசலோடு நின்றுவிடுவதில்லை. யார் முதலில் பேசுகிறார், யார் பேசும்போது மற்றவர்கள் கைபேசியைப் பார்க்கிறார்கள் என்பதில் அவை உள்ளேயே இருக்கும். மேல்கீழ் அடுக்கு உரையாடலுக்கு எதிரானது என்று போமே சொல்லியிருந்தாலும், அந்த அடுக்கை எப்படிக் கையாள்வது என்பதில் அவருடைய எழுத்து போதுமான அளவு இறங்கிப் பேசவில்லை என்பது என் கருத்து.

ஆகவே நான் இரண்டு விஷயங்களை நிபந்தனையாகவே வைப்பேன். அநீதி நடந்துகொண்டிருக்கும் இடத்தில் முதலில் நீதி. அதற்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் போராட்டமும் இருக்கின்றன. வட்டம் கூடும்போது, நிறுத்திவைக்கும் பொறுப்பு அதிகாரம் உள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும். மேலாளர், மூத்தவர், ஆண், பெரும்பான்மையினர் ஆகியோர் தம் எண்ணங்கள் தமக்குச் சலுகையாக அமைந்திருப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி நடுவில் வைத்தபிறகுதான் மற்றவர்களுக்கு வாய்திறக்கும் துணிவு வரும்.

நிறுவனங்களில் இதைப் பயன்படுத்த நடந்த முயற்சிகளில் மற்றொரு வரம்பும் தெரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஐசக்ஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில் ஓர் உரையாடல் திட்டத்தைத் தொடங்கினார். கன்சாஸ் சிட்டியில் ஓர் உருக்காலையின் தொழிற்சங்கத்தாரும் நிர்வாகத்தாரும் அதில் பங்கேற்றார்கள். பல்லாண்டுப் பகையோடு வந்தவர்கள் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து, தங்கள் பகையின் அடியில் கிடந்த எண்ணங்களைச் சேர்ந்து ஆராயும் அளவுக்கு முன்னேறினார்கள். ஆனால் வட்டத்துக்கு வெளியே ஆலையில் மற்றவர்களிடம் இது பரவவில்லை. பங்கேற்ற தொழிலாளர்களைச் சக தொழிலாளர்கள் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். முடிவை எதிர்பார்க்காத பேச்சும், முடிவை எதிர்பார்த்தே இயங்கும் நிறுவனமும் எளிதில் பொருந்துவதில்லை.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

இருபது பேரைத் திரட்டுவது எல்லோராலும் ஆகாது. தனியாகத் தொடங்க விரும்புகிறவருக்குப் போம் ஒரு பயிற்சி சொல்கிறார். அண்மையில் உங்களைக் காயப்படுத்திய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அந்தக் காயத்தைப் பேசும் உள்மனச் சொற்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். பொதுவாக 'எனக்கு வருத்தம்' என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. 'எவ்வளவு செஞ்சாலும் இந்த வீட்ல என்னை ஒரு ஆளாவே மதிக்கல' என்று உண்மையாக உள்ளே ஓடும் வாக்கியமே வேண்டும். அது கிடைத்ததும், வேண்டுமென்றே அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் உடல் உடனே மறுமொழி தரும். தொண்டை அடைப்பதும் தோள் இறுகுவதும் தெரியும். எதிரே யாரும் இல்லை, இப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. இருந்தும் உடல் அதே காயத்தை மறுபடி படுகிறது. எண்ணம் உடலை அசைக்கும் விதத்தை இப்படி ஒருமுறை கண்டுகொண்டவருக்கு, அடுத்த வாக்குவாதத்தின் நடுவிலும் அதை அடையாளம் காணும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பழைய, ஆழமான துயரங்களை இப்படித் தனியே கிளறிப்பார்க்க வேண்டாம். சிறிய உரசல்களே பயிற்சிக்குப் போதும்.

குழுவாகத் தொடங்குகிறவர்கள், முதல் கூட்டத்தில் இந்த முறையைப் பற்றியே பேசிவிடுவது நல்லது. தலைப்பே இல்லாத இரண்டு மணி நேரம் என்பது முன்னறிவிப்பு இல்லாமல் வந்தவரைக் குழப்பிவிடும். இரண்டு கூட்டங்களுக்கு இடையில் குறைந்தது ஒரு வாரம் விட வேண்டும் என்று அந்த 1991ஆம் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது, பேசியது மனத்துக்குள் வேலை செய்ய அந்த நாட்கள் தேவை. கூட்டம் முடிந்தபின் யார் என்ன சொன்னார் என்பதை வெளியே எடுத்துச்செல்லாமல் இருப்பது, குறிப்பாக எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த நம் ஊர்களில், நான் வற்புறுத்திச் சேர்க்கும் ஒழுங்கு. பலன் எப்போது தெரியும் என்று கேட்டால், ஓரிரு ஆண்டுகளாவது தொடர வேண்டும் என்று போம் கருதினார். அதே சமயம் ஒரு குழு காலப்போக்கில் தன் சொந்தப் பழக்கங்களுக்குள் இறுகிவிடுவதும் நடக்கும்: இன்னார் இப்படித்தான் பேசுவார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும், மௌனமும் கைம்பழக்கமாகிவிடும். அந்தக் கட்டத்தில் குழுவைக் கலைத்துவிட்டு, அவரவர் புதிய மனிதர்களோடு வேறு வட்டங்களில் உட்காரலாம்.